இடம் மாறிய பள்ளி நூலகம்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

பள்ளி நூலகத்தை வேறு அறைக்கு மாற்றினாலும், இருந்த அறையிலேயே அடுக்குமுறையை மாற்றினாலும், கோளாறு கண்ணில் படுகிற நாள் ஒன்று, அது பிறந்த நாள் வேறு. பெட்டியைப் பிரிக்கும்போது தட்டு போதவில்லை என்றால், தவறு நடந்தது மூன்று வாரத்துக்கு முன்பு, டேப்பைக் கையில் எடுக்காமல் பதிவேட்டைப் பார்த்தே கணக்குப் போட்ட அன்று. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு, அது எங்கே பிறந்தது என்பதையும் சொல்கிறேன். இன்னும் ஒரு புத்தகத்தைக்கூட நகர்த்தாதவர்கள் இந்தப் பிறப்பிடங்களை மட்டும் படித்தால் போதும், அதுவே திட்டம்.

அறிகுறி: 700 வரை அடுக்கியாயிற்று, தட்டு தீரப்போகிறது, 800-ம் 900-ம் இன்னும் பெட்டியில் இருக்கின்றன

(700, 800 என்பவை நூல்களைப் பொருள்வாரியாகப் பத்து வகுப்புகளாகப் பிரிக்கும் டூயி தசம வகைப்பாட்டின் எண்கள்: 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும்.) அடுக்குவதை உடனே நிறுத்துங்கள். "இப்போதைக்குச் செருகி வைப்போம்" என்று ஜன்னல் திண்டிலும் மேல்தட்டிலும் படுக்கப்போட்ட புத்தகம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் கிடக்கும்.

அடுத்து, பெட்டியில் மிச்சம் இருப்பதை அளக்க வேண்டும். எண்ணக் கூடாது, அளக்க வேண்டும். புத்தகங்களைத் தட்டில் நிற்பதுபோலவே தரையில் வரிசையாக நிறுத்தி டேப் பிடியுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 120 தட்டுகள், ஒவ்வொன்றும் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 90 தட்டுகளில் 54 மீட்டர் புத்தகம் ஏறிவிட்டது. அதாவது தட்டுக்கு 60 செ.மீ. வீதம் தாராளமாக அடுக்கியிருக்கிறீர்கள். பெட்டியில் இன்னும் 31 மீட்டர். மிச்சமுள்ள 30 தட்டுகளை விளிம்புவரை அடைத்தாலும் 27 மீட்டர்தான் கொள்ளும். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் 85 மீட்டரை 120 தட்டுகளில் பங்கிட வேண்டும்: தட்டுக்கு ஏறக்குறைய 71 செ.மீ. இடம் இருக்கிறது, பங்கீடுதான் பிசகியிருக்கிறது. ஏற்கெனவே அடுக்கியதை 76 தட்டுகளுக்குள் நெருக்கினால் மீதி 44 தட்டுகளில் 31 மீட்டரும் உட்கார்ந்துவிடும்.

நெருக்கும்போது எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். முன்பக்கமாக நெருக்குவதானால் முதல் தட்டிலிருந்து தொடங்குங்கள்: இரண்டாம் தட்டின் முதல் 11 செ.மீ. முதல் தட்டுக்குப் போகும், மூன்றாவதிலிருந்து கொஞ்சம் இரண்டாவதுக்கு வரும், இப்படியே. நடுவில் எங்காவது புதிதாக இடம் திறக்க வேண்டுமானால் நேர்மாறாகக் கடைசித் தட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இரண்டிலும் புத்தகம் காலியிடத்தை நோக்கியே நகரும். ஒரே புத்தகத்தை இரண்டு முறை தூக்க நேராது.

எங்கே பிறந்தது? எண்ணிக்கையில். ஆயிரம் படப் புத்தகங்கள் சராசரி 6 மி.மீ. தடிமன் என்றால் 6 மீட்டர். ஆயிரம் தடித்த நூல்கள் சராசரி 25 மி.மீ. என்றால் 25 மீட்டர். பதிவேட்டில் இரண்டும் "ஆயிரம்"தான்.

தமிழ் நூல்கள் அதிகமுள்ள பள்ளியில் இந்தக் கோளாறு 800-க்கு வந்ததும் வெடிப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1876-இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசம வகைப்பாட்டில் 810 முதல் 880 வரை அமெரிக்க, ஐரோப்பிய இலக்கியங்கள் எடுத்துக்கொண்டன. உலகின் மற்ற மொழிகளெல்லாம் 890-க்குள் அடைந்தன. தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811. பிள்ளைகள் அதிகம் எடுக்கும் கதை, பாட்டு, நாடகம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள். பத்து வகுப்புகளுக்கும் ரேக்கைச் சமமாகப் பிரித்துக்கொடுத்த திட்டம் அங்கே வந்துதான் முட்டிக்கொள்ளும்.

முன்கூட்டியே கணக்குப் போடுவது கடினமில்லை. உதாரணமாக, 500-ஆம் வகுப்பு, அதாவது அறிவியல், இப்போது தட்டில் 11.8 மீட்டர். வெளியே இரவலில் இருப்பது 1.2 மீட்டர். கழிக்கப்போவது 1 மீட்டர். ஆக 12 மீட்டர். தட்டில் முக்கால் பங்கு மட்டுமே நிரப்புவது என்று வைத்தால் 90 செ.மீ. தட்டுக்கு 67.5 செ.மீ.; 12 மீட்டருக்கு 18 தட்டுகள். ஐந்து தட்டு ரேக் என்றால் மூன்று ரேக்கும் மூன்று தட்டும். காலியாக விடும் கால் பங்கு வீண் இல்லை. நூலகம் வளரும் உயிர் என்று 1931-இலேயே எஸ்.ஆர்.ரங்கநாதன் தம் ஐந்தாம் விதியாக எழுதிவைத்தார். அந்த உயிர் கை கால் நீட்டும் இடம் அது.

இரவல் கணக்கை விட்டுவிடாதீர்கள். நகர்த்தும் சுமையைக் குறைக்க விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலைந்து புத்தகம் கொடுத்தனுப்புவது நல்ல உத்தி, நானும் செய்கிறேன். ஆனால் பள்ளி திறந்த வாரத்தில் அத்தனையும் ஒன்றாகத் திரும்பி வரும். தட்டு பிதுங்குகிறது என்று அப்போது பதறுவதில் பயனில்லை.

அறிகுறி: கணினியில் "உள்ளே இருக்கிறது", தட்டில் இல்லை

இதற்கு ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும், இந்த வரிசையில்.

முதலில் அதே எண்ணின் வலமும் இடமும் ஒரு தட்டுத் தூரம். உதவிக்கு வந்த மாணவர்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்திருப்பார்கள். 4 சிறியது, 12 பெரியது என்று நினைத்து 523.4-ஐ முன்னால் வைத்து 523.12-ஐப் பின்னால் வைப்பார்கள். புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும்: 1 முதலில், 4 பிறகு, ஆகவே 523.12-க்குப் பின்தான் 523.4. அடுக்க வரும் பிள்ளைகளுக்குப் பத்துச் சீட்டுகளில் இப்படி எண்களை எழுதிக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு ரேக் பக்கம் அனுப்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இரண்டாவது, தட்டின் பின்புறம். பின்பலகை இல்லாத ரேக்கில் மெல்லிய புத்தகம் பின்னால் நழுவி விழும். மூன்றாவது, பெரிய அளவுப் புத்தகங்களுக்கான தட்டு. உயரம் கொள்ளாததால் யாரோ நல்லெண்ணத்தில் அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார். அப்படி வைப்பது சரிதான், ஆனால் பட்டியலிலும் அப்படியே பதிய வேண்டும். நான்காவது, காலியென்று மடக்கி வைத்த பெட்டிகள். சிரிக்காதீர்கள், அடிமடிப்புக்குள் சிக்கிய படப் புத்தகங்களை நான் எடுத்திருக்கிறேன்.

ஐந்தாவது, கணினியில் உள்ள இடக்குறி. புத்தகம் புது இடத்துக்குப் போய்விட்டது, பதிவில் பழைய இடமே நிற்கிறது. ஒரு வகுப்பு முழுக்க இப்படி என்றால் ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். கோஹா போன்ற நூலக மென்பொருளில் பார்கோடு எண்களின் பட்டியலைக் கொடுத்து மொத்தமாகத் திருத்தும் வசதி இருக்கிறது. புது ரேக்கில் நின்றபடியே ஸ்கேன் செய்து, அந்தப் பட்டியலை அப்படியே அதில் ஏற்றுங்கள். தட்டில் உண்மையில் இருப்பது மட்டுமே புது இடத்துக்கு மாறும். ஸ்கேனில் வராதது பழைய இடக்குறியோடு தனியாக நிற்கும். தேட வேண்டியவற்றின் பட்டியல் அதுவே.

அறிகுறி: தமிழ்க் கதைப் பிரிவில் அச்சிட்ட பட்டியலும் தட்டு வரிசையும் ஒத்துவரவில்லை

புத்தகங்களைக் கலைக்காதீர்கள். பெரும்பாலும் தட்டு சரி, பட்டியல்தான் தப்பு.

கவிதை, கழுகு, களம், கறுப்பு, கனவு. அகராதி வரிசை இதுதான்: வ, ழ, ள, ற, ன. இதே ஐந்து சொற்களை, தமிழ் அகரவரிசை தெரியாத மென்பொருளிடம் கொடுங்கள். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு குறியீட்டெண் வரிசையில் ன முதலில் வரும், பிறகு ற, ள, ழ, கடைசியில் வ. விளைவு: கனவு, கறுப்பு, களம், கழுகு, கவிதை. அப்படியே தலைகீழ்! மெய்யெழுத்திலும் இதே கதை. அகராதியில் "பக்கம்" முன்னால், "பகல்" பின்னால். குறியீட்டெண் வரிசையில் புள்ளி கடைசிப் பக்கம் இருப்பதால் "பகல்" முந்திக்கொள்ளும்.

பட்டியலை எடுக்கும் மென்பொருளில் வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தட்டு எண் வரிசையில் பட்டியல் எடுத்துச் சரிபார்க்கலாம். எதற்காகவும் பட்டியலுக்கு ஏற்றபடி தட்டைத் தலைகீழாக்கிவிட வேண்டாம். பிள்ளைகள் வகுப்பில் படிக்கும் அகரவரிசை நூலகத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

இதே பிரிவில் இன்னொன்று: ஒரே எழுத்தாளரின் புத்தகங்கள் இரண்டு இடங்களில் கிடக்கும். முதுகு லேபிளில் ஒருவர் தலைப்பெழுத்தை எடுத்திருப்பார், இன்னொருவர் பெயரை எடுத்திருப்பார். பெயரின் முதல் மூன்று எழுத்து என்று ஒரு விதி வைத்து, அதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். லேபிள் ஒட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், சுவர் மாறாது.

அறிகுறி: பட்டியலில் எண்களும் தலைப்புகளும் சிதைந்து கிடக்கின்றன

028.5 என்பது 28.5 ஆகியிருந்தால், பார்கோடின் முன் சுழியங்கள் காணாமல் போயிருந்தால், கோப்பை யாரோ எக்செலில் நேரடியாகத் திறந்து அப்படியே சேமித்திருக்கிறார்கள். அந்தக் கோப்பில் எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். மூல மென்பொருளிலிருந்து மறுபடி எடுத்து, அந்த நிரல்களை எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கொண்டுவாருங்கள். மூலமே போய்விட்டதென்றால், நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிவைக்கும் அக்சஷன் பதிவேடுதான் கதி.

தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்டவை. தரவு கெடவில்லை. மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள், ஆனால் எந்த எழுத்துரு என்பதை உறுதிசெய்தபின். தமிழ்த் தலைப்புகளை மட்டும் மாற்ற வேண்டும். கூடவே ஆங்கிலத் தலைப்புகளும் மாற்றிக்குள் போனால் அவை தமிழ்ப் பிதற்றலாக வெளியே வரும்.

அறிகுறி: எந்தப் பெட்டியை முதலில் பிரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை

முதன்முதலாக நான் ஒரு நூலகத்தை மாற்றியபோது, நாற்பத்துச் சொச்சம் பெட்டிகளில் அழகான கையெழுத்தில் "கதை" என்று எழுதி ஒட்டினேன். புது அறையில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் வியர்வையோடு நின்று கேட்டான்: "சார், இந்தப் பெட்டியிலயும் ‘கதை’ன்னுதான் போட்டிருக்கு. எந்தக் கதை சார்?" பதில் இல்லை. எல்லாவற்றையும் தரையில் கொட்டி, இரண்டு நாள் வரிசைப்படுத்தினோம்.

பெட்டியில் எழுத வேண்டியது உள்ளே இருப்பதன் பெயர் இல்லை, அது போக வேண்டிய முகவரி. "7-3-அ" என்றால் புது அறையில் 7-ஆம் ரேக், மேலிருந்து 3-ஆம் தட்டு, இரண்டு பெட்டிகளில் முதலாவது. அ, ஆ என்று இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம் எடை. ஒரு மீட்டர் புத்தகம் ஏறக்குறைய 25 முதல் 35 கிலோ வரை நிற்கும். ஒரு தட்டுப் புத்தகத்தை ஒரே பெட்டியில் போட்டால் பெரியவருக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் கையில் பெட்டியே கொடுக்காதீர்கள், அவர்கள் நாலைந்து புத்தகமாகத் தூக்கிச் சங்கிலி போட்டு நிற்கட்டும்.

லேபிளைப் பெட்டியின் இரண்டு பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் அடுத்த பெட்டி அதன்மேல் உட்கார்ந்து மறைத்துவிடும். முதல் புத்தகம் எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. புது ரேக்கிலும், பெட்டி வந்து சேருமுன்பே, ஒவ்வொரு தட்டிலும் அதன் தொடக்க எண்ணை எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அப்போது பெட்டிகள் எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை, முதலில் வந்ததை அதன் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். வழியில் ஒரு பெட்டி தொலைந்தாலும் சீட்டு மட்டும் உள்ள காலித் தட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே என்னைப் போல் "கதை" என்று எழுதிவிட்டீர்களா? எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் முதல் புத்தகத்தின் எண்ணையும் கடைசிப் புத்தகத்தின் எண்ணையும் மட்டும் பார்த்து வெளியே எழுதுங்கள். தட்டு வரிசையில் எடுத்து வைத்த பெட்டிகள் என்றால் அது போதும்.

அறிகுறி: அட்டை கழன்றது, முதுகு கிழிந்தது, வாடை வருகிறது

அட்டை கழன்றதற்குப் பெரும்பாலும் பெட்டிக்குள் புத்தகத்தைத் திறக்கும் ஓரம் கீழாக நிறுத்தியதே காரணம்; தாள் கட்டு தன் எடையாலேயே அட்டையிலிருந்து பிய்ந்து இறங்கும். முதுகு கீழாகவோ படுக்கையாகவோ வையுங்கள். முதுகுத் தலையில் விரல் மாட்டி இழுக்கும் பழக்கத்தையும் அன்று பார்த்துத் திருத்தலாம்: இரு பக்கப் புத்தகங்களையும் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் துருத்தி நிற்பதை இடுப்பில் பிடித்து எடுக்க வேண்டும்.

வாடைக்கு அவசரம் அதிகம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வசதி. மூடிய பெட்டி, தரையோடு ஒட்டிய அடி, வாரக்கணக்கில் காத்திருப்பு மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி தெரியும் பெட்டியை மூடியபடியே நூலகத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். அறைக்குள் தட்டினால் நல்ல புத்தகங்களுக்கும் உங்கள் மூச்சுக்குழலுக்கும் வித்துகள் பரவும். முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம். நனைந்த புத்தகத்துக்குக் கெடு 48 மணி நேரம், அதற்குள் காற்றோட்டத்தில் விரித்துக் காயவைத்தாக வேண்டும். முடியாத அளவு இருந்தால் உறையவைத்து வாங்கிய நேரத்தில் சிறிது சிறிதாகக் காயவைக்கலாம்.

பெட்டி உலர்ந்திருந்தும் வாடை அடித்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். புதுப் பூச்சு காய்வதற்குள் ரேக்கை அதனோடு ஒட்டி நிறுத்தியிருப்பீர்கள். வெளிச்சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி நிறுத்தினால் காற்று போகும்.

அறிகுறி: தட்டு தொய்கிறது, மாடி அறையில் தரை அதிர்கிறது

தொய்ந்த தட்டின் புத்தகங்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, நடுவில் ஒரு முட்டுக் கொடுங்கள். தடித்த நோக்கு நூல்கள் மேல்தட்டில் இருந்தால் அவை அங்கே போனதே தப்பு. ரேக் சாயவும் அதுவே வழி. உயரமான ரேக்குகளைச் சுவரோடு பிணைக்காமல் ஒரு பிள்ளையைக்கூட அந்த அறைக்குள் விடாதீர்கள்.

தரை விஷயத்தில் வீட்டு வைத்தியம் கிடையாது. அமெரிக்கக் கட்டடச் சுமைத் தரநெறியில் வகுப்பறைத் தளத்துக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு, நூலடுக்கு அறைக்கு 150 பவுண்டு. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வகுப்பறையாகக் கட்டிய மாடி அறையை "காலியாகத்தானே இருக்கிறது" என்று நூலகமாக்குவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் மாற்றியிருந்தால், இன்றே நடுத்தரை ரேக்குகளை இறக்கிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் முன்புபோல் எடுப்பதில்லை

ஒரு இடைவேளை முழுக்க மூலையில் நின்று பாருங்கள். தட்டு கைக்கு எட்டாமல் திரும்புகிறார்களா, எங்கே தேடுவதென்று தெரியாமல் திரும்புகிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டவில்லை என்றால் சிறுவர் பகுதியில் 120 செ.மீ. உயரத்துக்கு மேலே உள்ள தட்டுகளைக் காலிசெய்யுங்கள். சக்கர நாற்காலி போக ரேக்குகளுக்கிடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒரு ரேக்கை எடுத்தே ஆக வேண்டும்.

தெரியவில்லை என்றால், அண்மையில் கதைகளை எண் முறையிலிருந்து துப்பறியும் கதை, விலங்குக் கதை, நகைச்சுவை என்று வகைமுறைக்கு மாற்றினீர்களா? நல்ல மாற்றம், நான் ஆதரிப்பவன். ஆனால் ஒரு தொடரின் மூன்று பாகங்கள் மூன்று வகைக்குச் சிதறிவிடும். தொடர் எப்போதும் முதல் பாகம் நிற்கும் வகையிலேயே நிற்கட்டும். வகைக்கு வண்ணப் பொட்டு மட்டும் ஒட்டியிருந்தால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்கு அது உதவாது, பொட்டுக்குள் ஓர் எழுத்தையோ படத்தையோ போடுங்கள்.

அறிகுறி: கழிக்க வேண்டியவை புது ரேக்கில் பளிச்சென்று நிற்கின்றன

"கழிப்பதைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவெடுத்திருப்பார்கள். கட்டி, தூக்கி, இறக்கி, அடுக்கிய பிறகு எவருக்கும் ஒரு புத்தகத்தை எறிய மனம் வராது. சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று சொல்லும் வானியல் நூல் 2006-க்குப் பிறகு தவறான நூல். 2011-க்கு முந்தைய நிலப்படத்தில் தெற்கு சூடான் இருக்காது. இப்படிப் பத்து உண்மைகளை எழுதிக்கொண்டு 500-ஐயும் 900-ஐயும் மட்டுமாவது ஒருமுறை புரட்டுங்கள். பழைய கதைப் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கிழிசலும், கடைசியாக இரவல் போன தேதியும்தான் பேச வேண்டும். நீக்கிய ஒவ்வொன்றிலும் "நீக்கப்பட்டது" முத்திரை விழுந்து, பதிவேட்டிலும் தேதியோடு ஏறவில்லை என்றால், அடுத்த ஆண்டு அதே புத்தகம் யாரோ ஒருவரின் நன்கொடையாகத் திரும்பி வரும்.

அறிகுறி: இருப்பு எடுத்தால் பதிவேட்டைவிடப் புத்தகம் கூடுதலாக இருக்கிறது

குறைந்தால் எல்லோரும் தேடுவார்கள். கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. இதையும் விட வேண்டாம். கூடுதலாக நிற்பவை மூன்று விதம்: பதிவேட்டில் ஏற்றாமலே தட்டுக்குப் போன நன்கொடைகள்; ஒரே அக்சஷன் எண் விழுந்த இரட்டைகள்; எப்போதோ "தொலைந்தது" என்று எழுதி முடித்து, இப்போது பழைய ரேக்கின் பின்னாலிருந்து வந்தவை. முதல் விதத்துக்குப் புது எண் கொடுங்கள். இரட்டைகளில் பின்னால் வாங்கியதற்கு மட்டும் புது எண். தொலைந்து கிடைத்ததற்குப் பழைய வரியிலேயே "கிடைத்தது" என்று தேதியோடு எழுதிப் பழைய எண்ணையே உயிர்ப்பியுங்கள். அதற்கும் புது எண் கொடுத்தால் ஒரே புத்தகம் பதிவேட்டில் இரண்டாகிவிடும். அடுத்த இருப்பில் ஒன்று குறைகிறது என்று மறுபடி ரேக்கை நகர்த்தித் தேடப்போவதும் நீங்கள்தான்.